ஐந்து கிராம் தூளும் ஐம்பது கிலோ மூட்டையும்

சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளுக்குள் கிரியாட்டினின் முதலில் நுழைந்தது லேப் ரிப்போர்ட்டில் ஓர் எண்ணாகத்தான். சர்க்கரை முற்றிய பெரியவருக்கு ‘ஒண்ணு புள்ளி எட்டு’ என்று வந்துவிட்டால் வீடே அடங்கிப்போகும். டயாலிசிஸ் பேச்சு கிளம்பிவிடும். அதே வீட்டுப் பேரன், ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்த சில மாதங்களில், கிரியாட்டின் என்று அச்சிட்ட டப்பாவோடு வந்து நிற்கிறான். பெயரைக் கேட்டதும் அப்பத்தாவுக்குப் பதறுகிறது. “ஏஞ்சாமி, உங்க அப்பாருக்குக் கூடிப்போச்சுன்னு டாக்டரு பயப்படுத்துனதைக் காசு குடுத்தா வாங்கியாந்திருக்கற?”

இப்படிக் கேட்கும் அப்பத்தாக்கள் இன்று நிறைய. அவர்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 120 கிராம் கிரியாட்டின் எப்போதும் இருக்கும். அதில் 95 விழுக்காடு தசையில். சிறுநீரகமும் கல்லீரலும் சேர்ந்து மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு நாளுக்கு ஒரு கிராம் அளவில் அதைச் செய்துகொள்கின்றன. கறி, மீன் தின்பவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்து இன்னொரு கிராம் வந்து சேரும். இருப்பில் இருப்பதில் இரண்டு விழுக்காடு போல அன்றாடம் தானாகவே சிதைந்து கிரியாட்டினின் ஆகி, சிறுநீரோடு வெளியே போய்விடும். சிறுநீரகம் நன்றாக வடிகட்டுகிறதா என்று பார்க்க, இந்தக் கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று டாக்டர்கள் அளக்கிறார்கள். கிரியாட்டின் தூள் எடுப்பவருக்குக் கழிவும் கொஞ்சம் கூடுதலாக உண்டாகும், ரிப்போர்ட்டில் எண் சற்று ஏறும். ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்தத் தூள் கெடுத்ததாகப் பல ஆண்டு ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. ஆனால் தூள் சாப்பிடுவதைச் சொல்லாமல் ரத்தம் கொடுப்பவர், டாக்டரையும் தன்னையும் வீணாகக் குழப்பிக்கொள்கிறார். ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

தனக்குச் சிறுநீரகம் தளர்ந்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் இந்தச் சமவெளியின் சிக்கல். தமிழ்நாட்டு உழவுத் தொழிலாளர்களிடம் நடத்தி 2025இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் 5 விழுக்காட்டுக்கும் மேலானோருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதைக் கண்டது. அந்த நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ காரணமாக இல்லை. வெயிலில் குனிந்து செய்யும் வேலையின்மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது. அப்பத்தாவின் பயத்துக்கு நியாயம் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, டப்பாவின் பக்கத்திலிருந்து அல்ல.

சரி, இந்தத் தூள் என்னதான் செய்கிறது? தசை சுருங்குவதற்கு வேண்டிய ஏடிபி என்ற எரிபொருள், தசைக்குள் சில நொடிகளுக்கு மட்டுமே கையிருப்பில் இருக்கும். சோற்றுச் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து ஏடிபி செய்யும் பெரிய ஏற்பாடு சூடு பிடிக்க நேரமாகும். அந்த இடைவெளியைச் சமாளிப்பது பாஸ்போகிரியாட்டின். லாரியில் டீசல் இன்ஜின் பிடித்து ஓடும்வரை பேட்டரியும் செல்ப் மோட்டாரும் இழுத்துக்கொடுப்பதைப் போன்ற வேலை அது. பத்து நொடிக்குள் முடிகிற முயற்சிகளுக்கு அதுதான் முதன்மையான கைகொடுப்பு. 2016 ரியோ பாராலிம்பிக்கில் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற அந்த ஒரு எழும்பலுக்கும், சேலத்து லீ பஜார் சந்தையில் ஒருவர் மூட்டையைத் தூக்கி முதுகில் ஏற்றும் அந்த ஒரு மூச்சுக்கும் தசை செலவழிப்பது ஒரே சரக்கைத்தான்.

கண்டுபிடிப்பு பழையது. 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இறைச்சிச் சாற்றிலிருந்து கிரியாட்டினைப் பிரித்தெடுத்தார். 1847இல் ஜெர்மானியர் லீபிக், வேட்டையில் ஓடவிட்டுக் கொல்லப்பட்ட நரியின் தசையில், கூண்டில் கிடந்த நரியைவிடப் பல மடங்கு கிரியாட்டின் இருப்பதைக் கண்டார். உழைக்கும் தசைக்கும் இந்தப் பொருளுக்கும் உறவு இருக்கிறது என்று தெரிந்ததும், இறைச்சிச் சாறே பலம் என்ற நம்பிக்கை வியாபாரமானது. 1865இல் லீபிக் பெயரில் தொடங்கிய நிறுவனம் உருகுவே நாட்டு மாடுகளைக் காய்ச்சி, சாற்றைக் குப்பியில் அடைத்து ஐரோப்பாவுக்கு விற்றது.

சேலத்துச் சாயங்காலத்துக்கு இந்தக் கதை அந்நியமில்லை. ஆட்டுக்கால் சூப் வண்டிக்கு முன்னால் நிற்கிறவர்களும் நாட்டுக்கோழிச் சாறு காய்ச்சிப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறவர்களும், லீபிக் பெயரையே கேள்விப்படாமல் அதே நம்பிக்கையில்தான் குடிக்கிறார்கள். கறி தின்னாதவர்களுக்குக் கொல்லிமலை ஒரு மாற்று வைத்திருக்கிறது. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் முடவாட்டுக்கால் கிழங்கை மேல்ரோமம் சீவி, மிளகு சீரகம் தட்டிப்போட்டுச் சூப் வைக்கிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்ற பேச்சு யூடியூப் வழியாக மலையிறங்கியதும், இப்போது அந்தக் கிழங்கு சமவெளிச் சந்தைகளிலும் கிடைக்கிறது. அதில் கிரியாட்டின் கிடையாது. அது ஒரு பெரணி. தாவரத்துக்குத் தசை இல்லை.

முட்டையிலும் அநேகமாகக் கிடையாது என்பதுதான் நாமக்கல்காரர்களுக்கு ஆச்சரியமான செய்தி. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை இறங்குகிற, அன்றைய விலை அறிவிப்பைத் தமிழ்நாடே எதிர்பார்க்கிற ஊர் அது. ஜிம் பையன்கள் வெள்ளைக்கருவை மட்டும் எண்ணித் தின்கிறார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்கு நல்ல புரதம் உண்டு. ஆனால் கிரியாட்டின் தங்குவது வேலை செய்யும் தசையில், முட்டைக்குள் இன்னும் தசை உருவாகவில்லை. கோழிக்கறியில் உண்டு, கிலோவுக்கு நாலு கிராம் போல. ஐந்து கிராம் வேண்டுமென்றால் அன்றாடம் ஒரு கிலோவுக்கு மேல் கறி தின்ன வேண்டும். டப்பாவுக்கு இடம் கிடைத்தது இந்தக் கணக்கினால்தான்.

தூளாகக் குடித்தால் தசையில் போய்ச் சேருமா என்ற கேள்விக்கு 1992இல் ராஜர் ஹாரிஸ் குழு விடை சொன்னது: நாளுக்கு இருபது, முப்பது கிராம் வீதம் சில நாட்கள் கொடுத்துத் தசையைத் துளையிட்டுப் பார்த்தார்கள், இருப்பு கூடியிருந்தது. முதலில் குறைவாக இருந்தவர்களுக்கு அதிகமாகக் கூடியது. கறி தின்னாதவர்களுக்குப் பலன் தூக்கலாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஓட்டக்காரர்கள் சிலர் இதைப் பயன்படுத்திய செய்தி வெளிவந்தது, அடுத்த ஆண்டே கடைக்கு வந்துவிட்டது. இன்று விற்கும் தூளில் மாட்டின் சுவடே இல்லை. சார்கோசின், சயனமைடு என்ற இரண்டு ரசாயனங்களை வினைபுரியவைத்து ஆலையில் செய்வது. சைவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு வகையிலும் இது சேராது, விளையாட்டுப் போட்டிகளில் தடையும் இல்லை.

மனிதனுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். உடம்பு கிரியாட்டின் செய்வதற்கு முந்தைய படியில் இருக்கும் குவானிடினோ அசிட்டிக் அமிலத்தைக் கறிக்கோழித் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2009இலேயே அனுமதி கொடுத்தது. தாவரத் தீவனம் மட்டும் தின்னும் கோழிக்கு அது குறைவாகக் கிடைக்கிறது என்பது காரணம். நாமக்கல் பண்ணைகளில் தீவனக் கணக்கு எவ்வளவு துல்லியமானது என்று அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். முட்டைக்கோழி நாளுக்கு 110 கிராம் போலத் தின்னும். அதில் மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, மெத்தியோனின் எத்தனை கிராம் என்று எழுதிவைத்துக் கலக்குகிறார்கள். பண்ணையில் முட்டை பொறுக்கும் தொழிலாளியின் தட்டில் அன்று எத்தனை கிராம் புரதம் இருந்தது என்ற கணக்கை யாரும் எழுதுவதில்லை.

டப்பாவுக்கும் தன் பங்குக்கு மோசடிகள் உண்டு. கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் சிரியக் அபி பிலிப்ஸ் குழு இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதத் தூள்களைச் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஏழு போலச் சொன்ன அளவுக்கும் இருந்த அளவுக்கும் பொருந்தவில்லை. அது புரதத் தூள் கதை. ஆனால் கடைக்காரர் ஒருவரே, அலமாரியும் ஒன்றே. முடி கொட்டும் என்ற புரளிக்கு வேர் 2009இல் தென்னாப்பிரிக்காவில் இருபது ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரே ஓர் ஆய்வு. அதில் ஒரு ஹார்மோன் அளவு ஏறியது. யாருடைய தலைமுடியையும் அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இதுவரை இளைஞர்கள் கதை. நாலைந்து ஆண்டுகளாக டப்பாவின் மேலிருக்கும் படம் மாறிவருகிறது. புஜம் புடைத்தவர் போய், நரைத்த தலையோடு மலையேறும் தம்பதி வந்திருக்கிறார்கள். பத்து நொடிக்கான பொருளை நூறு ஆண்டுக்கான பொருளாக விற்கிறார்கள். சாவையே தள்ளிவைக்கப் போவதாகக் கிளம்பிய அமெரிக்கக் கோடீஸ்வரர் பிரையன் ஜான்சனின் அன்றாடப் பட்டியலில் கிரியாட்டின் இருக்கிறது. அவர் இந்தியாவுக்கு வந்து, தொழிலதிபர் நிகில் காமத்தின் பாட்காஸ்ட் பதிவிலிருந்து காற்று சரியில்லை என்று பாதியில் எழுந்து போனார். எழுந்து போக முடிந்தது என்பதே ஆயுள் பற்றிய அந்தப் பேச்சில் கவனிக்க வேண்டிய விவரம். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு அருகில் குடியிருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆயுளைக் கூட்டும் என்பதற்குச் சான்று என்ன? பார்கின்சன் நோயாளிகள் 1,741 பேரில் பாதிப் பேருக்கு நாளுக்குப் பத்து கிராம் வீதம், குறைந்தது ஐந்தாண்டுத் திட்டத்தோடு வட அமெரிக்காவில் பெரும் ஆய்வு நடந்தது. வெறும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இல்லை என்று தெரிந்து 2013இல் நிறுத்தினார்கள். மாதவிடாய் நின்ற பெண்கள் 237 பேரிடம் கனடாவில் இரண்டாண்டு நடந்து 2023இல் வெளியான ஆய்வில் எலும்பின் அடர்த்தி கூடவில்லை. மூளை கூர்மையாகும் என்ற விளம்பர வாசகத்துக்கு அனுமதி கேட்டவர்களை 2024இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சான்று போதாது என்று திருப்பி அனுப்பியது. அதே ஐரோப்பா அனுமதித்திருக்கும் வாசகம் ஒன்று உண்டு: ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு, எடை தூக்கும் பயிற்சியால் வரும் தசை வலுவை நாளுக்கு மூன்று கிராம் கிரியாட்டின் மேலும் கூட்டும். நிபந்தனை, வாரம் மூன்று தடவையாவது பயிற்சி செய்ய வேண்டும். எடையும் சும்மா பேருக்கு இருக்கக் கூடாது, தன்னால் ஒரே ஒருமுறை தூக்க முடிகிற உச்ச எடையில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும்.

ஆகவே கேள்வி டப்பாவை விட்டு விலகி எடையிடம் போய்ச் சேருகிறது.

வலுவுக்கும் ஆயுளுக்கும் உறவு உண்டு என்பது கட்டுக்கதை இல்லை. இந்தியா உள்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடி வலுவை அளந்து பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் லான்செட்டில் வந்தது. பிடி ஐந்து கிலோ குறையக் குறைய, இறக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருந்தது. ரத்த அழுத்த எண்ணைவிட இது சாவை நன்றாக முன்னறிவித்தது. அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1990இல், மரியா பியாடரோன் என்ற மருத்துவர் பாஸ்டனில் முதியோர் இல்லத்துவாசிகள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள். தொடர்ந்து செய்து முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தூள் எதுவும் தரப்படவில்லை.

அப்படியானால் ஆயுசு முழுக்க எடை தூக்கியவர்களுக்கு எமன் பயப்பட வேண்டுமே? செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் சங்ககிரி லாரிப் பட்டறைகளிலும் பாரம் ஏற்றி இறக்கியே தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முழங்கால் தேய்ந்து, இடுப்புப் பட்டை கட்டி, ஐம்பதிலேயே வேலையை விட்டவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். இதற்கும் ஆய்வு உண்டு. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2021இல் வந்த முடிவு: ஓய்வு நேரத்தில் உடம்பை வருத்திக்கொள்பவர்களுக்கு இதய நோயும் சாவும் குறைந்தன, பிழைப்புக்காக உடம்பை வருத்துகிறவர்களுக்கு இரண்டும் கூடின.

தசைக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் தூக்கிய பிறகு நடப்பதில் இருக்கிறது. ஜிம்மில் ஒருவர் ஐம்பது கிலோவை எட்டுத் தடவை தூக்கி, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, போனைப் பார்த்து, மறுபடி தூக்குகிறார். இன்று கால் என்றால் நாளை கை. வலித்தால் நிறுத்தலாம். வீட்டுக்குப் போனால் முட்டை இருக்கிறது, தூக்கம் இருக்கிறது. பாரம் தூக்குகிறவர் ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையை லோடு தீரும்வரை தூக்குகிறார். வலித்தால் கூலி நிற்கும். தலையில், முதுகில், ஒரே பக்கமாக, வெயிலில். பயிற்சியில் தசை வளர்வது தூக்கும்போது அல்ல, தூக்கியதற்குப் பின் வரும் ஓய்வில்தான். அந்த ஓய்வு கூலியில் சேராது. ஓர் ஆண் ஒரு தடவைக்குத் தூக்கும் எடைக்கு 55 கிலோ என்ற உச்சவரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையோடு வந்த ஒப்பந்தத்தை இந்தியா 2010இல் ஏற்றது. சந்தையில் மூட்டையின் எடை குறைந்தது, மூட்டைகளின் எண்ணிக்கையைக் கூலியே தீர்மானிக்கிறது.

பெண்கள் விஷயத்தில் சுமை வேறு வழியில் நகர்ந்தது. ஆட்டுக்கல்லும் அம்மியும் தண்ணீர்க் குடமும் கைகளையும் தோள்களையும் ஒரு காலத்தில் கேட்காமலே உரமாக்கின. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது கிராமத்துச் சமையலறையிலிருந்து அந்த உழைப்பு கழன்றது. நல்லதே நடந்தது. இரவு பத்து மணிக்கு மாவாட்டிய யாரும் ஆட்டுக்கல் போனதற்காக அழவில்லை. ‘அந்தக் காலத்து உடம்பு’ என்று ஏங்கிப் பேசுகிறவர்களில் மாவாட்டியவர்கள் குறைவு. ஆனால் சுமை போன இடத்தில் வேறெதுவும் வந்து சேரவில்லை. நகரத்து ஜிம்களில் காலையில் பெண்களுக்கான பேட்ச் நடக்கிறது; ராசிபுரத்திலோ எடப்பாடியிலோ தறிக் கூடத்தில் நாள் முழுக்க நின்று, அறுபதைத் தொட்ட பெண்ணுக்கு அப்படி ஒரு பேட்ச் கிடையாது.

பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோ, 51 முதல் 80 வயதுவரை இருந்த 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். கையை ஊன்றினால் ஒரு மதிப்பெண் குறையும், முழங்காலை ஊன்றினால் இன்னொன்று. முழு மதிப்பெண் பத்து. மூன்றுக்குள் நின்றவர்கள், எட்டும் அதற்கு மேலும் எடுத்தவர்களைவிட அடுத்த சில ஆண்டுகளில் ஐந்தாறு மடங்கு அதிகமாக இறந்தார்கள் என்று 2012இல் எழுதினார். தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட நம் ஊரில் இது பரிசோதனையாகவே தோன்றாது. இப்போதுதான் தோன்றத் தொடங்கியிருக்கிறது. கல்யாணப் பந்தி மேசைக்கு மாறிவிட்டது, வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. மூட்டு வலி வந்தவர்களுக்கு அந்த நாற்காலி வரம்தான்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் வருகிறார். 2023 நவம்பரில் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன், தானே மாரத்தான் ஓடுகிறவர், மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. கைப்பிடிக்கும் தொடைத் தசைக்கும் நடை மட்டும் போதாது. அதற்கு ஏதாவதொரு பாரம் வேண்டும்: தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில், ரப்பர் பட்டை, தன் உடம்பையே நாற்காலியிலிருந்து கையூன்றாமல் தூக்குவது. இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளும், வாரம் மூன்று நாள் கூட ஓர் இடமும் வேண்டும். கூடவே சாப்பாட்டில் புரதம் வேண்டும். ரேஷன் அரிசியையும் முதியோர் உதவித்தொகையையும் நம்பியிருக்கும் ஒருத்தியிடம் மூன்று கிராமா ஐந்து கிராமா என்ற விவாதத்தைத் தொடங்குவது அபத்தம். அவளுக்கு முதலில் குறைவது பருப்பும் முட்டையும்.

2021க்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்த இடம். அவர்களுக்கான இடமும் சாப்பாடும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி ஆறே மாதத்தில், 1983 ஜனவரியிலிருந்து முதியோர் உதவித்தொகை பெறுபவர்களும் அதே மையத்தில் மதியம் சாப்பிடலாம் என்று சேர்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் பிற்காலத்தில் முட்டை ஏறியது, 2010இலிருந்து வாரம் ஐந்து நாளும் ஏறியது. அதைப் பற்றி அரசியல் மேடைகள் பேசின, கட்சிகள் போட்டிபோட்டன. முதியவர் தட்டைப் பற்றி அப்படி எந்தப் போட்டியும் நடக்கவில்லை. சத்துணவு மையத்தில் நாற்காலிகள் இருக்கின்றன, பிற்பகலில் கூடம் காலியாகவும் கிடக்கிறது. வாரம் மூன்று நாள், ஒரு பயிற்சியாளர், ஆளுக்கு இரண்டு முட்டை: நாமக்கல் மாவட்டத்தில் ஓர் ஒன்றியத்தில் ஓராண்டு நடத்திப் பார்த்து, தொடங்கும்போதும் முடியும்போதும் கைப்பிடியை அளந்தால் செலவுக்கும் பலனுக்கும் கணக்கு கிடைத்துவிடும். அந்தக் கணக்கில் கிரியாட்டினுக்கு ஓர் இடம் இருக்குமானால், மூன்று கிராம் தூளை யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதை முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லும்.